நாலு கிலோ கெண்டை

லூர்துசாமியால் வலது கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. தோள்பட்டைக்குள் யாரோ ஆப்பு வைத்து அடித்ததுபோல் இருந்தது.

இருபத்தாறு வருஷம் கோடாலி பிடித்த தோள் அது. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்து பாய்லருக்கு நாளுக்கு ஒரு வண்டி யூகலிப்டஸ் பிளந்து போடும் தோள். அதற்கெல்லாம் ஒருநாளும் வலித்ததில்லை. நேற்றுச் சாயங்காலம் அரைக் கிலோகூடத் தேறாத ஒரு தூண்டில் கம்பை ஒரு மணி நேரம் வீசியதற்கு இந்த வலி.

"கோடாலிக்கு வராத வலி குச்சிக்கு வருதாக்கும்," என்றபடி அமலி தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வந்தாள். "திரும்புங்க."

"மெதுவா, புள்ள."

"வேலையில கேட்டா என்ன சொல்லுவீக? மீன் பிடிச்சதுல தோள் எறங்கிருச்சுன்னா?"

"மீன் எங்க பிடிச்சேன்? இன்னும் தண்ணிப் பக்கமே போகல."

அது உண்மை. நேற்று வீசியதெல்லாம் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மேட்டில்தான். பதினோரு தடவை வீசினார். பதினோரு தடவையும் நைலான் நரம்பு வெளியே போகாமல் சக்கரத்துக்குள்ளேயே புரண்டு குருவிக்கூடு கட்டிக்கொண்டது. ஒவ்வொரு கூட்டையும் மகள் லீமா தன் லேஸ் பின்னும் ஊசியால் பிரித்துக் கொடுத்தாள். பிரிக்க முடியாததை பிளேடால் அறுத்தாள்.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உபதேசியார் பரமானந்தம் கொண்டுவந்த சேதியால் வந்த வினை. வேம்பாற்றிலிருந்து லீமாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுடைய அப்பா மனுவேல், அமலிக்குச் சித்தப்பா வழியில் தூரத்து அண்ணன். கடற்கரையில் கருவாட்டு மொத்த வியாபாரம். பையன் மதுரையில் ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர். அவனுக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் லீவு. ஆகவே வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

"தவக்காலத்துல கல்யாணம்தான் கூடாது, பேச்சுப் பேசலாம்," என்றார் உபதேசியார். "கடற்கரையில பன்னெண்டு பொண்ணு பாத்தாச்சாம். பையன் ஒண்ணுக்கும் தலையாட்டல. மலையிலதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறானாம்."

"மலைத்தண்ணி குடிச்ச பொண்ணுன்னா நோய்நொடி இருக்காதுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கான்," என்றார் லூர்துசாமி.

உபதேசியார் போனபிறகுதான் அவருக்கு உறைத்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கறி ஆகாது. மீன்தான் வைக்க வேண்டும்.

கொடைக்கானலுக்கு மீன் வத்தலக்குண்டு பஸ்ஸில், கூடையில், ஐஸ் உருகின தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். கடலை விட்டுக் கிளம்பி எத்தனை நாளாயிற்று என்பது மீனுக்கே மறந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்கு அந்த மீனைத்தான் வைத்தார்கள். திரும்பிப் போகும்போது மலைப்பாதையில் பஸ்ஸை எட்டு இடத்தில் நிறுத்தி இறங்கினார்களாம். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு காகிதம் வரவில்லை. லீமாவுக்கு இப்போது இருபத்து நாலு வயது.

"காய்கறி வெச்சு அனுப்புவோமே," என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்லிப் பார்த்தாள் அமலி. "பந்தல்ல பட்டர் பீன்ஸ் காச்சுத் தொங்குது. பூம்பாறைப் பூண்டு கெடக்கு, குழம்பு வெக்கிறேன்."

"கருவாட்டு ஏவாரிக்கா? மீன் தின்னே வளந்த குடும்பத்துக்கு பீன்ஸப் போட்டா எலைய மடிச்சிட்டுப் போயிருவாக. பழைய மீனப் போட்டாலோ வாசல்லயே மோந்து கண்டுபிடிச்சிருவாக. உசுரோட ஒரு கெண்டைய ஏரியில பிடிச்சாத்தான் மானம் நிக்கும்."

"உங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியுமா?"

"தெரிஞ்சுக்கிடுறேன்."

லீமா பையனுடைய போட்டோவை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் ஜெபம் கூடியிருந்தது.

ஏரியில் கரையோரம் கிடப்பதெல்லாம் விரல் நீளக் குஞ்சு. பெரிய கெண்டை பாசிக்கு அந்தப் பக்கம், முப்பது கெஜ தூரத்தில் கிடக்கும். மூங்கில் தூண்டில் எட்டாது. அதனால்தான் டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து டெய்லர் சார் கொடுத்த கம்பும் சக்கரமும் வெளியே வந்தன. டெய்லர் சார் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார், அமெரிக்காக்காரர். எழுபத்திரண்டில் ஊருக்குத் திரும்பும்போது, பத்து வருஷம் தன் அடுப்புக்கு விறகு பிளந்து கொடுத்த மனுஷனுக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்தது.

ஏரிக்கரையில் வெள்ளைக்காரர்கள் வைத்திருக்கும் சக்கரங்கள் கம்புக்குக் கீழே தொங்கும். இது கம்புக்கு மேலே உட்கார்ந்திருந்தது. பொத்தானை அமுக்கினால் நரம்பு சுற்றிய உருளை தன்பாட்டுக்குச் சுழலும். நுனியில் கட்டிய ஈயக்குண்டு போகப்போக வேகம் குறையும். உருளைக்கு அந்த விவரம் தெரியாது, அது அதே வேகத்தில் சுற்றும். கட்டைவிரலால் அதை அடக்க வேண்டும். அடக்கத் தெரியாதவனுக்குக் குருவிக்கூடு.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தபோது, அறுத்தது போக உருளையில் பதினைந்து கெஜம் நரம்புதான் மிச்சமிருந்தது.

"இதுல நெறைய இருந்ததே, எங்க போச்சு?"

"பீன்ஸ் பந்தலுக்கு நாந்தான் எடுத்துக் கட்டுனேன்," என்றாள் அமலி. "நாலு வருஷமாச்சு. மழைக்கும் அத்துப் போகல. நல்ல நரம்பு."

லூர்துசாமி பின்பக்கம் போனார். பந்தலின் நடுவில் ஓடிய நரம்பை மட்டும் பக்குவமாக அவிழ்த்தார். அமலி சொன்னது சரிதான், நல்ல நரம்பு. பந்தல் முழுவதும் அதை நம்பித்தான் நின்றிருந்தது. அவர் வெளியே வருவதற்குள் குச்சியும் கொடியும் காயுமாகத் தலைமேல் வந்து உட்கார்ந்தது.

அமலி கொடிக்குள்ளிருந்து புருஷனையும், பிறகு இரண்டு கூடை பட்டர் பீன்ஸையும் வெளியே எடுத்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அவள் பேசவில்லை.

லீமாதான் சக்கரத்தோடு இருந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்து வாசித்துச் சொன்னாள்.

"மொதல்ல இந்தத் திருக முடுக்கணும்ப்பா. குண்டு மெதுவா எறங்கித் தரையத் தொட்டதும் உருளை நின்னுரணுமாம். நின்னா அளவு சரி."

"சரி."

"அப்புறம் கட்டைவிரல உருளை மேல வெக்கணும். வீசுறப்ப எடுக்கணும். ஆனா முழுசா எடுக்கக் கூடாது."

"அழுத்தணுமா, கூடாதா?"

"தொட்டும் தொடாமலும் இருக்கணுமாம்."

"பொண்டாட்டிகிட்டப் பேசுற மாதிரின்னு சொல்லு."

"எனக்குக் கேக்குது," என்றாள் அமலி அடுப்படியிலிருந்து.

"குண்டு தண்ணியில விழுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி விரல அழுத்தி நிறுத்திரணும். கடைசியா ஒண்ணு, கீழ கோடு போட்டிருக்கு. பலத்தக் காட்டாதே."

லூர்துசாமி அந்தக் காகிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் பார்த்தார். பலத்தைக் காட்டாமல் அவர் ஒரு வேலையும் செய்ததில்லை. காட்டாதவனுக்கு அவர் இருந்த இடங்களில் கூலி கிடையாது.

திருகை முடுக்கினார். குண்டு சொன்னபடி மெதுவாக இறங்கியது. ஆனால் வீசினால் ஆறு கெஜத்தில் விழுந்தது. சக்கரம் துருப்பிடித்திருக்கும், எண்ணெய் விட்டால் ஓடும் என்று அவருக்குத் தோன்றியது. தேங்காயெண்ணெய்ப் புட்டியையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு பாய்லர் ரூமுக்குப் போய், தாராளமாக விட்டுச் சுற்றிப் பார்த்தார். பம்பரம் மாதிரி சுற்றியது. சந்தோஷமாகக் கொண்டுவந்து கம்பில் மாட்டி, கொல்லைக் கதவுக்கு வெளியே சாத்தி வைத்துவிட்டுப் படுத்தார்.

பாய்லர் ரூமில் வருஷம் முழுக்க வேனல். வெளியே கொடைக்கானல். புதன்கிழமை வெள்ளனே எழுந்து அவர் கம்பை எடுத்தபோது சக்கரத்துக்குள் எண்ணெய் மெழுகுவர்த்தி மாதிரி உறைந்திருந்தது. அவருக்கு அது தெரியாது. தோள்வலியை மறந்து முழு மூச்சாக ஒரு வீச்சு வீசினார். உருளை அசையவில்லை. நரம்பு அறுந்தது. குண்டு மட்டும் தனியாகப் புறப்பட்டு, இரண்டு வீடு தாண்டி, உபதேசியார் அடுப்படியின் தகரக் கூரையில் இடிபோல் இறங்கியது.

குரங்கு என்று நினைத்து உபதேசியார் கம்போடு வெளியே வந்தார். லூர்துசாமியும் கையில் கம்போடு நின்றார்.

"சம்பந்தம் பேசுற வீடு," என்றார் உபதேசியார். "வெள்ளனே எந்திரிச்சு அடுத்தவன் கூரையில கல்லெறியிறீரு."

"கல்லு இல்ல, ஈயம். மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்கப் பழகுறேன்."

"என் அடுப்படியிலயா?"

"தூரம் கூடிப்போச்சு."

"பையன் வீட்ல ஒண்ணும் கேக்கல, லூர்து. 'வீட்ல காய்கறித் தோட்டம் இருக்கா'ன்னு பையனோட அத்தக்காரி மட்டும் ஒரு வார்த்த கேட்டுச்சு. நீரு எதுக்கு இந்தப் பாடு படுறீரு?"

லூர்துசாமி வீட்டுக்கு வந்து அமலியிடம் சொன்னார்: "தோட்டம் இருக்கான்னு கேட்டாகளாம். நெலபுலம் எவ்வளவுன்னு நோட்டம் பாக்குறாக. சாப்பாட்டுலதான் நாம சரிக்கட்டணும்."

அன்றைக்குச் சாயங்காலம் சுடுதண்ணீரில் கழுவின சக்கரத்தை வைத்து மறுபடியும் வீசினார். மறுபடியும் கூடு. லீமா கூட்டைப் பிரித்துக்கொண்டே அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்தாள். கோடாலிக் காம்பு தேய்த்துத் தேய்த்து அதன் மேல் செருப்புத் தோல் கனத்துக்குக் காய்ப்பு ஏறியிருந்தது.

"அப்பா, உருளை சுத்துறது உங்க வெரலுக்குத் தெரியுதா?"

"என்னத்த தெரியணும்?"

"தொடுற மாதிரி இருக்கா, இல்லையா?"

லூர்துசாமி யோசித்தார். "கங்க எடுத்தாலே சுடாது. இது எங்க தெரியப் போகுது?"

"அப்ப அதான்."

கட்டைவிரலை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறப்போட்டு, சவரக் கத்தியால் அந்தக் காய்ப்பை அவரே சீவி எடுத்தார். இருபத்தாறு வருஷக் காய்ப்பு ஒரு கொட்டாங்கச்சியில் கிடந்தது. அடியில் குழந்தை விரல் மாதிரி ஒரு கட்டைவிரல் வந்தது. எல்லாம் தெரிந்தது. தண்ணீர் சுட்டது. சட்டைப் பித்தான் உறுத்தியது. வியாழக்கிழமை காலையில் கோடாலியைப் பிடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு பாய்லருக்கு அரை வண்டிதான் விழுந்தது. பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் குளித்ததாகப் பின்னால் பேச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம் விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு முதல் தடவையாக ஏரிக்கரைக்குப் போனார். படகுக்காரன் ஆண்டிச்சாமி, கூடப் படித்து மூன்றாம் வகுப்பில் கூடவே நின்றவன், படகைக் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தான்.

"ஏலே லூர்து, நாளைக்கு மத்தியானம் சம்பந்தி வர்றாக. இன்னிக்குத்தான் மொத வீச்சா?"

"சும்மா இருலே."

"பின்னால பாத்து வீசு. குதிரை வருது."

லூர்துசாமி பின்னால் பார்க்கவில்லை. வீசுவதற்காகக் கம்பைப் பின்னுக்குக் கொண்டுபோனார். முன்னுக்கு இழுத்தபோது கம்பு வரவில்லை. சுற்றுலாக்காரர்களைச் சவாரி ஏற்றும் மட்டக்குதிரை ஒன்றின் வாலில் தூண்டில் முள் சிக்கியிருந்தது. நல்லவேளை, முதுகில் ஆள் இல்லை. குதிரை ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டு, ஏரி ரோட்டில் ஓட ஆரம்பித்தது.

"விட்ராதலே," என்று கத்தினான் ஆண்டிச்சாமி.

விடுவதா, பிடிப்பதா என்று லூர்துசாமிக்குத் தெரியவில்லை. அழுத்திப் பிடித்தால் நரம்பு அறுந்துவிடும். வீட்டில் பந்தல் வேறு மிச்சமில்லை. விட்டுவிட்டால் கூடு கட்டிவிடும். ஆகவே கட்டைவிரலை உருளைமேல் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு குதிரைக்குப் பின்னால் ஓடினார். நரம்பு விரலடியில் எறும்பு ஊர்வதுபோல் ஓடியது. குதிரை வேகமெடுத்தால் விரல் தானாக லேசானது. வேகம் குறைந்தால் தானாக அழுந்தியது. ரோட்டு வளைவில் காரட் விற்கிற பொம்பளையின் தட்டைப் பார்த்ததும் குதிரை நின்றது. அவர் விரல் அதற்கு ஒரு நொடி முந்தியே உருளையை நிறுத்தியிருந்தது.

குனிந்து பார்த்தார். நாற்பது கெஜம் வெளியே போயிருந்தது. ஒரு சிக்கு இல்லை.

குதிரைக்காரன் வந்து திட்டியது அவர் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஏரியில் பனி புகைந்துகொண்டிருந்தபோது அவர் கரையில் நின்றார். முள்ளில் கோதுமை மாவை உருட்டிக் குத்தினார். ஈரமரத்தைப் பிளக்கும்போது கோடாலியை அடிக்கக் கூடாது, விட வேண்டும். அதன் எடை தன் சோலியைத் தானே பார்த்துக்கொள்ளும். எல்லா விறகுவெட்டிக்கும் தெரிந்த சங்கதி. அதைத்தான் அந்தக் காகிதமும் சொல்லியிருக்கிறது என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

கம்பைப் பின்னுக்குக் கொண்டுபோனார். பின்னால் குதிரை இல்லை என்று பார்த்துக்கொண்டார். அடிக்காமல், விட்டார்.

குண்டு பனிக்குள் போனது. நரம்பு விரலடியில் எறும்பாக ஊர்ந்தது. பாசியைத் தாண்டி, முப்பது கெஜத்தில், ஒரு இலை விழுந்ததுபோல் தண்ணீர் கலங்கியது.

படகுக்குள் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி தீக்குச்சியைக் கையில் வைத்தபடியே பார்த்தான். குச்சி விரலைச் சுட்டது.

"இன்னொரு தடவ போடுலே," என்றான்.

போட்டார். அதே இடம். இன்னொன்று. அதே இடம். ஒன்றரை மணி நேரத்தில் இருபது தடவை போட்டார். ஒரு கூடு கட்டவில்லை. ஒரு மீனும் கடிக்கவில்லை. கடைசியில் ஆண்டிச்சாமி படகைத் தள்ளிக்கொண்டு பாசிக்கு அந்தப் பக்கம் போய் நரம்பைத் தூக்கிப் பார்த்தான்.

"முள்ளுல மாவே இல்லையேலே."

லூர்துசாமி தன் காலடியைப் பார்த்தார். கரையோரத் தண்ணீரில் மாவு உருண்டைகளின் மிச்சம் மிதந்துகொண்டிருந்தது. வீச்சின் வேகத்தில் ஒவ்வொரு தடவையும் அங்கேயே உதிர்ந்திருக்கிறது. விரல் நீளக் குஞ்சுகள் வயிறு முட்டத் தின்றுவிட்டு மயங்கிக் கிடந்தன.

மணி ஏழரை. மதுரை பஸ் பன்னிரண்டுக்கு வந்துவிடும். அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். சீவின விரலில் ரத்தம் கசிந்திருந்தது.

"திண்டுக்கல்காரங்க போனப்ப லீமா மூணு நாள் சாப்பிடல, ஆண்டி," என்றார்.

ஆண்டிச்சாமி படகின் அடிப்பலகையைத் தூக்கினான். ஈரச் சாக்குக்குள் ஒரு கெண்டை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"நாலு கிலோ. நேத்து நட்டு வெச்ச தூண்டில்ல விழுந்தது. ஞாயித்துக்கெழம என் மருமகன் வர்றாருன்னு வெச்சிருந்தேன். கொண்டு போ."

"என்ன குடுக்கணும்?"

"காசெல்லாம் வேணாம். மீனுக்கு மீன். நாலு கிலோ, ஒரு பொட்டு கொறையக் கூடாது. கூடைக்காரிகிட்ட வாங்கிக் குடுக்கவும் கூடாது. இந்தக் கம்புல பிடிச்சதா இருக்கணும். அந்த வீச்ச நான் இன்னும் நாலு தடவ பாக்கணும்லே."

"சத்தியமா," என்றார் லூர்துசாமி.

பன்னிரண்டரைக்கு மூன்று பேர் வந்தார்கள். மனுவேல், அவருடைய அக்கா கித்தேரியம்மாள், பையன். தாயில்லாத பையனை வளர்த்தது அந்த அத்தைதான். பையன் ஒல்லி, நல்ல முகம். வாசல்படி ஏறும்போதே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். உள்ளே வந்து ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தான்.

"மலைக்குளிர் ஒத்துக்கல போல," என்றார் லூர்துசாமி. "ஜன்னல அடைக்கவா, மாப்ள?"

"வேணாம், வேணாங்க," என்றான் பையன் அவசரமாக.

இலை போட்டார்கள். மீன் குழம்பு, மீன் வறுவல். ஓரமாக, விழுந்த பந்தலை வீணாக்க மனசில்லாமல் அமலி வைத்த பட்டர் பீன்ஸ் கூட்டும், பூண்டுக் குழம்பும்.

"கெண்டையா?" என்றார் மனுவேல். எதனாலோ அவர் முகம் தெளிவாக இல்லை.

"ஏரிக் கெண்டை. காலையில ஏழரைக்கு வாயத் தெறந்து மூடிட்டிருந்தது."

"நீங்களே பிடிச்சதா, மச்சான்?"

லூர்துசாமி கட்டைவிரல் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார். "நானேதான்."

அமலி சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்தாள்.

லீமா பரிமாற வந்தாள். பையன் மீனுக்கு இலையை இரண்டு கையாலும் மறைத்தான். பீன்ஸுக்குக் கையை எடுத்தான். பூண்டுக் குழம்புக்கு எடுத்தான். மறுபடியும் பீன்ஸ் கேட்டான். மூன்றாவது தடவை அவன் கேட்கும் முன்னாலேயே லீமா கரண்டியோடு நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லூர்துசாமி அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது தொடாத மீனை. திண்டுக்கல் பஸ் கண்ணுக்குள் ஓடியது.

"கூச்சப்படாதீக மாப்ள," என்று எழுந்து வந்து, சட்டியிலிருந்து கெண்டையின் முழுத் தலையை எடுத்துப் பையன் இலையின் நடுவில் வைத்தார். அது கண்ணைத் திறந்துகொண்டு பையனைப் பார்த்தது. "தலை மாப்பிள்ளைக்குத்தான். இது என்ன, இனிமே வாராவாரம் ஒரு கெண்டை பிடிச்சு மதுரை பஸ்ஸுல குடுத்து விடுறேன். உங்க வீட்ல ஒருநாள்கூட மீன் இல்லாத அடுப்பு எரியாது. இந்த மாமன் இருக்கேன்."

பையன் எழுந்தான். வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். விழுந்துகிடந்த பந்தல் பக்கமிருந்து, சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கேட்கக் கூடாத சத்தம் வந்தது.

மனுவேல் தலையைக் குனிந்துகொண்டார். லீமா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், பின்னால் போனாள்.

"மீன் நல்ல மீனு," என்றார் லூர்துசாமி. "மச்சான், மாதா சத்தியமா உசுரோட இருந்த மீனு. கெட்டது இல்ல. நான் வேணும்னா ஆண்டிச்சாமியக் கூட்டியாந்து..."

கித்தேரியம்மாள் கையைக் கழுவிவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனாள். பிறகு லீமாவின் சிரிப்பு கேட்டது. ரொம்ப நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். கூடவே இன்னொரு சிரிப்பும், கொஞ்சம் பலவீனமாக.

கித்தேரியம்மாள் திரும்பி வந்து நடுவீட்டில் நின்றாள்.

"பையனுக்குச் சம்மதம். பொண்ணுகிட்டயும் கேட்டுட்டேன், அதுக்கும் சம்மதம். ஈஸ்டர் கழிச்சு நாள் பாப்போம். ஒரே ஒரு கண்டிசன். தம்பி, நீங்க இனிமே தூண்டிலத் தொடக் கூடாது. அந்தக் கம்பையும் சக்கரத்தையும் இப்பவே எடுத்தாங்க, நான் ஊருக்குக் கொண்டு போயிடுறேன்."

லூர்துசாமி ஓடிப்போய்க் கம்பை எடுத்து வந்தார். கோடாலியைக் கேட்டிருந்தாலும் லீமாவுக்காகக் கொடுத்திருப்பார். கொடுத்த பிறகுதான் கேட்டார்.

"அதுல என்ன தப்பு, மதினி?"

"கருவாட்டுக் கிட்டங்கியில பொறந்து கருவாட்டு மூட்டை மேலயே படுத்து வளந்த பய," என்றாள் கித்தேரியம்மாள். "கடற்கரையில பன்னெண்டு பொண்ண வேணாம்னுட்டு இவன் மலையேறி வந்ததே, மீன் வாடை இல்லாத ஒரு வீடு வேணும்னுதானே, தம்பி?"

மூன்றரை மணி பஸ்ஸில் கம்பும் சக்கரமும் மலையிறங்கிப் போயின. லூர்துசாமி ஆண்டிச்சாமிக்குத் தர வேண்டியது ஒரு கெண்டை. நாலு கிலோ, அந்தக் கம்பில் பிடித்தது.